பாஸ்போபெப்டைடு செறிவூட்டல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் மாஸ் ஸ்பெக் (மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் மெஷின்) அறைக்குச் சாம்பிளோடு வருகிறவர்கள் பெரும்பாலும் ஆராய்ச்சி மாணவர்கள். ட்யூபை நீட்டும்போதே கேள்வியும் வந்துவிடும். ஆள் மாறுவார்கள், கேள்வி மாறாது. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்ததால் அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பாஸ்போபெப்டைடு என்பது பாஸ்பேட் ஏறிய புரதத் துண்டு. அதைக் கலவையிலிருந்து பிரித்தெடுப்பதுதான் செறிவூட்டல். அதற்கு நாங்கள் தினமும் கையாள்வது பாஸ்பேட்டைப் பிடிக்கும் இரண்டு வகை நுண்ணிய மணிகளை: டைட்டானியம் டை ஆக்சைடு, இரும்பு அயனியைப் பிணைத்த இரும்பு ஐமேக். அதனால் பேச்சும் அவற்றைச் சுற்றியே இருக்கும்.

சாம்பிளை நேராக மெஷினில் போட்டால் பாஸ்போபெப்டைடு தெரியாதா? எதற்குத் தனியாகச் செறிவூட்ட வேண்டும்?

தெரியும், ஆனால் விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான். ஒரு புரதத்தை ட்ரிப்சின் என்ற என்சைமால் வெட்டினால் பத்து, ஐம்பது என்று பெப்டைடுகள் வரும். அவற்றில் ஒன்றிரண்டில்தான் பாஸ்பேட் ஏறியிருக்கும். அந்த ஒன்றிலும், செல்லில் உள்ள மொத்தப் பிரதிகளில் ஒரு சிறு பங்கில் மட்டுமே அந்த நேரத்தில் பாஸ்பேட் இருக்கலாம். மீதி எல்லாம் சாதாரணப் பெப்டைடு. கடலில் கரைத்த பெருங்காயம் என்பார்களே, அந்தக் கதைதான். மெஷின் நேரத்தைச் சாதாரணப் பெப்டைடுகளே தின்றுவிடும்.

பாஸ்பேட் ஏறினால் பெப்டைடின் நிறை 79.966 டால்டன் கூடும். மெஷின் தேடுவது அந்த வித்தியாசத்தை. தேடுகிற பொருள் கண்ணில் படும் அளவுக்காவது இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் முன்கூட்டியே பிரித்தெடுக்கிறோம்.

டைட்டானியமும் இரும்பும் பாஸ்பேட்டை எப்படி அடையாளம் கண்டுகொள்கின்றன?

அடையாளம் கண்டுகொள்வதில்லை. மின்னேற்றம் உள்ள ஆக்சிஜன் அணுக்களைப் பிடிக்கின்றன, அவ்வளவுதான். பாஸ்பேட்டில் அப்படிப்பட்ட ஆக்சிஜன் உண்டு. ஆஸ்பார்டிக், குளூட்டாமிக் அமிலங்களின் கார்பாக்சில் தொகுதியிலும் உண்டு. தொல்லை தொடங்குவது அங்கேதான்.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது பிஎச். கார்பாக்சில் தொகுதி பிஎச் 4-ஐ ஒட்டித் தன் புரோட்டானை விடும். பாஸ்பேட்டின் முதல் புரோட்டான் 2-க்குக் கீழேயே போய்விடும். ஆக கரைசலை பிஎச் 2 பக்கம் வைத்தால் கார்பாக்சில் மின்னேற்றம் இல்லாமல் சும்மா இருக்கும், பாஸ்பேட் மட்டும் ஒட்டும். இந்த முறையில் வந்த முன்னேற்றங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு வித்தியாசத்தை இன்னும் கூர்மையாக்கும் முயற்சிகள்தான். பாஸ்போபுரதங்களைப் பிரிக்க இரும்பு ஐமேக்கை ஆண்டர்சனும் போராத்தும் 1986-லேயே காட்டிவிட்டார்கள். டைட்டானியம் டை ஆக்சைடு 2004 வாக்கில்தான் பெப்டைடு வேலைக்குப் பரவலாக வந்தது.

சரி, டைட்டானியமா ஐமேக்கா? எது நல்லது?

உங்கள் ஆய்வகத்தில் யாருக்கு எது கைவந்திருக்கிறதோ அது. கிண்டலாகச் சொல்லவில்லை. புதிதாக ஒன்றைத் தொடங்கி மூன்று மாதம் தடுமாறுவதைவிட இருப்பதைச் செப்பனிடுவது லாபம்.

டைட்டானியம் ஒற்றைப் பாஸ்பேட் பெப்டைடுகளை நன்றாகத் தரும், உப்பு, டிடர்ஜென்ட் போன்ற அழுக்கையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். பல பாஸ்பேட் உள்ளவை அதில் இறுகப் பிடித்துக்கொண்டு இறங்க மறுக்கும். இரும்பு ஐமேக் அவற்றைக் கொஞ்சம் எளிதாக விட்டுக்கொடுக்கும் என்பது பொதுவான அனுபவம். ஆனால் சாம்பிளில் உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ மிச்சம் இருந்தால் மணியிலிருந்து இரும்பையே உருவிக்கொண்டு போய்விடும். டைட்டானியம், சிர்கோனியம் அயனிகளைப் பாஸ்பொனேட் கைகளில் பிணைத்த புது வகை ஐமேக் மணிகளும் இப்போது கிடைக்கின்றன. காந்த மணியாக இருந்தால் 96 குழித் தட்டில் ஒரே சீராக வேலை நடக்கும். சாம்பிள் எண்ணிக்கை அதிகம் என்றால் என் ஓட்டு அதற்கே.

எவ்வளவு புரதம் கொண்டுவர வேண்டும்?

முன்பெல்லாம் சாம்பிளுக்குப் பல மில்லிகிராம் கேட்போம். இப்போது செல் வளர்ப்பிலிருந்து 200 மைக்ரோகிராம் பெப்டைடு இருந்தால் நல்ல தரவு எடுக்கலாம். அதற்குக் கீழும் முடியும். ஆனால் கீழே போகப் போக ட்யூப் சுவரில் ஒட்டுவது, டிப்பில் தங்குவது போன்ற சில்லறை இழப்புகள் பெரிதாகத் தெரியும். அளவை புரதமாக அளந்ததை வைத்துச் சொல்லாதீர்கள். வெட்டி, சுத்தம் செய்த பிறகு பெப்டைடாக அளந்து சொல்லுங்கள்.

பாஸ்படேஸ் தடுப்பான் போட்டுத்தான் செல்லை உடைத்தேன். அப்புறமும் ஏன் ஒன்றும் வரவில்லை?

முதலில் நான் திருப்பிக் கேட்பது: செல் வளர்த்த தட்டை இன்குபேட்டரிலிருந்து எடுத்து எத்தனை நிமிடம் கழித்து உடைத்தீர்கள்? குளிர்ந்த பஃபரில் மூன்று முறை கழுவி, செல்லைச் சுரண்டி, சுழற்றி, மேல்நீரை ஊற்றி, அதற்குப் பிறகு தடுப்பான் போட்டால் அதற்குள் பாதிக் கதை முடிந்திருக்கும். பாஸ்பேட்டை ஏற்றும் கைனேஸும் கழற்றும் பாஸ்படேஸும் நமக்காகக் காத்திருப்பதில்லை. குளிர்ச்சியே செல்லுக்கு ஓர் அழுத்தம், அதுவும் சில பாஸ்பேட்டுகளை ஏற்றி இறக்கும். திசுவில் இன்னும் மோசம். இரத்த ஓட்டம் நின்ற சில நிமிடங்களிலேயே படம் மாறத் தொடங்கும். வெட்டியவுடன் திரவ நைட்ரஜனில் போடுங்கள். உறைந்ததை உருகவிடாமல் பொடித்து, புரதத்தை உடனே குலைத்துவிடும் கரைசலில் நேராகப் போடுங்கள்.

அடுத்தது தடுப்பானே சரியாக இருக்கிறதா என்பது. சோடியம் ஆர்த்தோவனடேட்டை வாங்கிக் கரைத்து அப்படியே ஊற்றுபவர்கள் நிறையப் பேர். அது கரைசலில் ஒன்றோடொன்று சேர்ந்து மஞ்சளாக நிற்கும், அந்த நிலையில் வேலை செய்யாது. பிஎச் 10-க்குக் கொண்டுவந்து, நிறம் போகும்வரை கொதிக்கவைத்து, ஆறியபின் பிஎச் பார்த்து, மறுபடி சரிசெய்து, நிறமில்லாமல் 10-இலேயே நிலைக்கும்வரை திரும்பச் செய்ய வேண்டும். அப்படிச் செய்ததையும் டிடிடி என்ற ஒடுக்கி உள்ள பஃபரில் ஊற்றினால் அது செயலிழந்துவிடும். அதோடு வனடேட் பார்ப்பது டைரோசின் பாஸ்படேஸைத்தான். செரின், திரியோனினுக்கு சோடியம் ஃப்ளோரைடு, பீட்டா கிளிசரோபாஸ்பேட் போன்றவை தனியாக வேண்டும்.

செல்லை யூரியாவில் உடைக்கலாமா, எஸ்டிஎஸ் டிடர்ஜென்ட் நல்லதா?

இரண்டும் சரி. யூரியா என்றால் சூடு காட்டாதீர்கள், 37 டிகிரிக்கு மேலே போனால் கார்பமைலேஷன் என்ற வேண்டாத வேதிமாற்றம் வந்து லைசின்களைக் கெடுக்கும். எஸ்டிஎஸ் என்றால் ட்ரிப்சினுக்கு முன் முழுவதும் போக வேண்டும். அசிட்டோன் வீழ்படிவோ மணிமேல் சுத்திகரிப்போ செய்யுங்கள். சோடியம் டீஆக்சிகோலேட் பயன்படுத்தினால் கடைசியில் அமிலம் சேர்த்தவுடன் அதுவே வெள்ளையாக இறங்கிவிடும்.

எதில் உடைத்தாலும் டிஎன்ஏ, ஆர்என்ஏவை விட்டுவைக்காதீர்கள். அவற்றின் முதுகெலும்பே பாஸ்பேட்தான். உங்கள் பெப்டைடு உட்கார வேண்டிய இடத்தில் அவை வந்து உட்கார்ந்துகொள்ளும். சோனிகேட் செய்யுங்கள் அல்லது நியூக்ளியேஸ் போடுங்கள், அப்புறம் புரதத்தை வீழ்படிவாக்குங்கள்.

ட்ரிப்சின் வெட்டாத இடங்கள் நிறைய வருகிறதே, என்சைம் கெட்டுப்போச்சா?

கெட்டிருக்கலாம், ஆனால் பாஸ்போபெப்டைடில் இது ஓரளவு இயல்பு. லைசின், ஆர்ஜினினுக்குப் பக்கத்தில் பாஸ்பேட் உட்கார்ந்திருந்தால் ட்ரிப்சின் தயங்கும். பிகேஏ, ஏகேடி போன்ற பல கைனேஸ்கள் ஆர்ஜினினுக்கு அருகில் உள்ள செரினைத்தான் தேடிப் போகின்றன. ஆக நமக்கு வேண்டிய இடமே வெட்ட முடியாத இடமாக அமைந்துவிடுகிறது. முதலில் லைசினில் மட்டும் வெட்டும் லைஸ்-சி, பின் ட்ரிப்சின் என்று இரண்டு கட்டமாக வெட்டினால் கணிசமாகக் குறையும். தேடும் மென்பொருளில் 2 வெட்டாத இடங்கள் வரை அனுமதியுங்கள்.

டீசால்ட் (உப்பு நீக்கம்) பண்ணாமலே மணியில் போட்டுவிடலாமா? ஒரு நாள் மிச்சமாகுமே.

முறையைப் பொறுத்தது. 2018-இல் வந்த ஈஸிபாஸ் நெறிமுறை இடையில் உள்ள சுத்திகரிப்பைத் தவிர்த்து, வெட்டிய கரைசலிலேயே அமிலமும் கரைப்பானும் சேர்த்து டைட்டானியத்தை இடுகிறது. படிகள் குறைந்தால் இழப்பும் குறையும். அது அந்த பஃபருக்கென்றே வடிவமைத்தது. உங்கள் யூரியா கரைசலில் அதையே செய்து பார்த்துவிட்டு முறை சரியில்லை என்று சொல்லக்கூடாது.

டீசால்ட் செய்வதானால், பெப்டைடைப் பிடித்து உப்பைக் கழுவவிடும் சி18-இல் ஏற்றும்போது நன்றாக அமிலமாக்குங்கள். குட்டையான, நீர் விரும்பும் பாஸ்போபெப்டைடுகள் சி18-இல் பிடிக்காமல் வழிந்துவிடும். வழிந்ததைக் கொட்டாமல் எடுத்துவைப்பது நல்ல பழக்கம். வேக்குவமில் உலர்த்தும்போது பொடியாகும்வரை ஓட்டாதீர்கள், கொஞ்சம் ஈரம் மிச்சம் இருக்கும்போதே நிறுத்துங்கள். எலும்பாகக் காய்ந்தது திரும்பக் கரையாது.

மணி அதிகம் போட்டால் அதிகம் கிடைக்கும்தானே?

கிடைக்கும், ஆனால் குப்பையும் சேர்ந்து. என்னைக் கேட்டால் இந்தத் தொகுப்பில் உள்ளவற்றிலேயே முக்கியமான கேள்வி இதுதான். பாதிப் பேர் இதைச் சோதிக்காமலேயே புது மணி வாங்கக் காசு செலவழிக்கிறார்கள்.

மணியில் ஒட்டும் இடங்கள் இவ்வளவுதான் என்று இருக்கிறது. பெப்டைடுக்கு மணி குறைவாக இருந்தால் இடத்துக்குப் போட்டி நடக்கும். பாஸ்பேட் பலமாக ஒட்டுவதால் அதுதான் ஜெயிக்கும், சாதாரணப் பெப்டைடு வெளியே தள்ளப்படும். ஆனால் மணி ரொம்பக் குறைந்தால் பாஸ்போபெப்டைடுகளுக்குள்ளேயே போட்டி வந்து, பல பாஸ்பேட் உள்ளவை ஒற்றையை விரட்டிவிடும். மணி கூடிவிட்டால் போட்டியே இல்லை, காலி இடத்தில் அமிலப் பெப்டைடுகள் குடியேறும். பேருந்து காலியாக இருந்தால் யார் வேண்டுமானாலும் ஏறி உட்காரலாம் அல்லவா?

ஆகையால் ஒரு முறை உட்கார்ந்து அளவிடுங்கள். ஒரே பெப்டைடு கரைசலை நான்காகப் பிரித்து, எடையில் 2, 4, 6, 8 மடங்கு டைட்டானியம் மணி போட்டு ஓட்டுங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை பாஸ்போபெப்டைடு, எத்தனை சாதாரணப் பெப்டைடு என்று எண்ணுங்கள். எண்ணிக்கை ஏறி நின்றுபோகும் இடம் ஒன்று வரும், அதற்குப் பிறகு குப்பைதான் ஏறும். அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஈரல் சாம்பிளில் கண்ட இடம் செல் சாம்பிளில் அப்படியே இருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். மணியை எடை போடாமல் குலுக்கி பிப்பெட்டில் எடுப்பவர்கள் குலுக்கிய கையோடு எடுக்க வேண்டும். டைட்டானியம் கனம், நொடிகளில் அடியில் தங்கிவிடும். கடைசி ட்யூபுக்குப் பாதி மணிதான் போயிருக்கும்.

லாக்டிக் அமிலம், டிஹெச்பி (டைஹைட்ராக்சிபென்சாயிக் அமிலம்), கிளைகாலிக் அமிலம் என்று ஒவ்வொரு பேப்பரும் ஒன்று சொல்கிறது. எதைப் போடுவது?

எல்லாம் ஒரே வேலைக்காரர்கள். கார்பாக்சில் வந்து உட்காரக்கூடிய இடங்களில் தாங்கள் முன்கூட்டியே உட்கார்ந்துகொள்வார்கள். பாஸ்பேட் வந்தால் எழுந்து இடம் விடுவார்கள், அமிலப் பெப்டைடு வந்தால் விடமாட்டார்கள். 2005-இல் டிஹெச்பி வந்தது. தேர்வுத்திறன் எகிறியது உண்மை. ஆனால் அது சாம்பிளோடு ஒட்டிக்கொண்டு வந்து கேபிலரியையும் பிரிப்புக் குழாயையும் அடைத்துப் பலரை அழவைத்தது. 2007-இல் லாக்டிக் அமிலமும் கிளைகாலிக் அமிலமும் வந்தபின் நாங்கள் டிஹெச்பி பக்கம் போவதில்லை. இவை எளிதில் கரையும், எளிதில் கழுவிப் போகும்.

அளவு கேட்பவர்களுக்கு: 80% அசிட்டோநைட்ரைல், 0.1% டிஎஃப்ஏ (ட்ரைஃப்ளோரோஅசிட்டிக் அமிலம்) கரைசலில் மில்லிலிட்டருக்கு 300 மில்லிகிராம் லாக்டிக் அமிலம். அல்லது 80% அசிட்டோநைட்ரைல், 5% டிஎஃப்ஏயில் 1 மோலார் கிளைகாலிக் அமிலம். கடைசிக் கழுவலில் இவை இல்லாத கரைசலைப் பயன்படுத்த மறக்காதீர்கள்.

ஐமேக்கில் எனக்கு வருவதெல்லாம் குளூட்டாமிக், ஆஸ்பார்டிக் நிறைந்த பெப்டைடுதான். என்ன தப்பு?

மணி அளவைப் பற்றி மேலே சொன்னதை முதலில் பாருங்கள். அது சரி என்றால் பிஎச். டீசால்ட் செய்தபின் மிச்சமிருக்கும் பஃபர் உப்பு கரைசலின் பிஎச்சை 3 தாண்டித் தூக்கியிருக்கலாம். ஒரு மைக்ரோலிட்டரைத் தாளில் தொட்டுப் பாருங்கள், ஐந்து நொடி வேலை. மூன்றாவது, அசிட்டோநைட்ரைல். இரும்பு ஐமேக்குக்கு 80% அசிட்டோநைட்ரைலும் 0.1% டிஎஃப்ஏயும் என்பது நன்றாகத் தேறிய கலவை. 50%-க்கு இறக்கினால் நீர் வெறுக்கும் பெப்டைடுகளும் மணியின் உடம்பில் ஒட்டத் தொடங்கும். அதற்காக டைட்டானியம் கலவையில் போடும் 5% டிஎஃப்ஏயை இங்கே கொண்டுவராதீர்கள், பாஸ்பேட்டே ஒட்டாமல் போகும்.

மணியில் ஒட்டியதை அமோனியாவில் இறக்கிவிட்டு மதியம் சாப்பிட்டு வந்து அமிலம் போடலாமா?

வேண்டாம். காரத்தில் பாஸ்போசெரின் நீண்ட நேரம் இருந்தால் பாஸ்பேட்டை உதறிவிடும், பக்கத்தில் உள்ள அஸ்பராஜினும் மாறும். இறக்கும் ட்யூபிலேயே முன்கூட்டி ஃபார்மிக் அமிலத்தை வைத்திருங்கள், சொட்டு விழுந்த கையோடு நடுநிலை ஆகட்டும். அமோனியா பாட்டிலும் புதிதாக இருக்க வேண்டும். மூடியைத் திறந்து திறந்து ஆவி போன பாட்டிலில் பிஎச் 9 கூட வராது, அப்போது மணியில் பாதி தங்கிவிடும். இறக்கக் கஷ்டமானவைக்குப் பிர்ரோலிடின் இன்னும் வலுவானது, நாற்றமும் வலுவானது.

நேற்றுவரை வந்துகொண்டிருந்தது. இன்றைக்கு அதே சாம்பிள், ஒன்றுமே இல்லை. மணி கெட்டுவிட்டதா?

எங்களுக்கே ஒரு முறை இப்படி ஆகி, இரண்டு வாரம் மணியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். தவறு எல்சியில், அதாவது மெஷினுக்கு முன் பெப்டைடுகளைப் பிரிக்கும் கருவியில் இருந்தது. யாரோ ஒரு எஃகு இணைப்பை மாற்றியிருந்தார்கள். எஃகு என்றாலே இரும்பு. அதன் உட்பரப்பே நாம் கேட்காத ஒரு ஐமேக் குழாயாக வேலை செய்து, குறிப்பாகப் பல பாஸ்பேட் உள்ள பெப்டைடுகளைப் பிடித்துவைத்திருந்தது. சாதாரணப் பெப்டைடு சோதனையில் எல்லாம் அழகாக வந்ததால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

சாம்பிளைக் கரைக்கும் கரைசலில் கொஞ்சம் சிட்ரேட் சேர்ப்பது எளிய மருந்து, 50 மில்லிமோலார் போதும். அது உலோகத்தை மறைத்துவிடும், பின் சி18 பொறியில் கழுவிப் போய்விடும். அதோடு தெரிந்த பாஸ்போபெப்டைடு ஒன்றை வாரம் ஒரு முறை தனியாக ஓட்டுங்கள். மணியா மெஷினா என்ற சண்டை வராது.

என் முறை வேலை செய்கிறதா என்று சாம்பிளை வீணாக்காமல் எப்படிப் பார்ப்பது?

பாலில் இருக்கும் கேசின். பீட்டா கேசினை ட்ரிப்சினால் வெட்டினால் ஒற்றைப் பாஸ்பேட் பெப்டைடு ஒன்று 2061.8-லும், நான்கு பாஸ்பேட் உள்ளது 3122 பக்கத்திலும் மால்டி என்ற மாஸ் ஸ்பெக் முறையில் வரும். ஆல்ஃபா கேசினில் 1660.8, 1952 இரண்டும் தெரிந்த முகங்கள். கேசின் மட்டும் போட்டால் எந்த மணியும் பாஸாகும். அதனால் நூறு மடங்கு பிஎஸ்ஏ (மாட்டுச் சீரம் ஆல்புமின்) பெப்டைடைக் கலந்து, அதிலிருந்து எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். 2061 வந்து 3122 வரவில்லை என்றால் இறக்கும் படியைப் பாருங்கள்.

கேசினில் ஜெயித்தது செல் சாம்பிளில் ஜெயிக்கும் என்று உத்தரவாதம் இல்லை. அது ஓட்டுநர் தேர்வில் எட்டுப் போடுவது போலத்தான்.

எனக்குத் தேர்வுத்திறன் 95%. ஆனால் சைட் (பாஸ்பேட் ஏறிய இடம்) எண்ணிக்கை ரொம்பக் குறைவு. எப்படி?

தேர்வுத்திறன் என்பது கிடைத்ததில் எத்தனை பாஸ்போ என்பது. இருந்ததில் எத்தனை கிடைத்தது என்பது வேறு. நூறு பேரை அழைத்து, ஐந்தே பேர் வந்து, ஐந்து பேரும் சொந்தக்காரர்கள் என்றால் விருந்து நன்றாக நடந்தது என்று சொல்வீர்களா? மணி குறைவாக இருக்கும்போது இந்த நிலை வரும், காரணம் முன்பே சொன்னேன்.

ஒட்டாமல் வழிந்ததை எடுத்து, புது மணியில் இரண்டாம் முறை ஓட்டுங்கள். அதில் புதிதாகப் பாஸ்போபெப்டைடு கொட்டினால் முதல் முறையில் மணி போதவில்லை. கணக்காகத் தெரிய வேண்டும் என்றால் கன ஐசோடோப் ஏற்றிய செயற்கைப் பாஸ்போபெப்டைடைச் செறிவூட்டலுக்கு முன்பும், வேறு நிறை கொண்ட அதே பெப்டைடைப் பின்பும் சேர்த்து விகிதம் பாருங்கள். தேர்வுத்திறன், இருந்ததில் கிடைத்த பங்கு ஆகிய இந்த இரண்டு எண்களும் இல்லாமல் முறையை மேம்படுத்திவிட்டேன் என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை.

பாஸ்போடைரோசின் ஒன்றுகூட வரவில்லையே?

வருவது கடினம்தான். 2006-இல் ஹீலா செல்லில் செய்த பெரிய ஆய்வில் கண்ட இடங்களில் செரின் சுமார் 86%, திரியோனின் 12%, டைரோசின் 2% கூட இல்லை. மணிக்கு இந்த மூன்றும் ஒன்றுதான். டைரோசின்தான் வேண்டும் என்றால் முதலில் பாஸ்போடைரோசின் ஆன்டிபாடியில் பிடித்து, அதில் வந்ததை மணியில் இரண்டாவது முறை சுத்தம் செய்யுங்கள். அதற்குப் பல மில்லிகிராம் வேண்டும், மேலே சொன்ன 200 மைக்ரோகிராம் கணக்கு இங்கே செல்லாது. முறை சரியா என்று சோதிக்க, டைரோசின் பாஸ்படேஸை முடக்கும் பெர்வனடேட் கொடுத்த செல்லை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். அதிலும் வராவிட்டால் குற்றம் உங்கள் கையில்.

டிஎம்டி (பல சாம்பிள்களை ஒன்றாக ஓட்ட உதவும் அடையாள லேபிள்) ஏற்றுவது செறிவூட்டலுக்கு முன்பா, பின்பா?

முன்பு ஏற்றினால் எல்லாச் சாம்பிளும் ஒரே ட்யூபில் ஒரே மணியைச் சந்திக்கும், ஏற்ற இறக்கம் குறையும். ஆனால் ரீஏஜென்ட் செலவு கையைக் கடிக்கும். பின்பு ஏற்றினால் செலவு சொற்பம், ஆனால் ஒவ்வொரு ட்யூபின் தவறும் தனித்தனியாகத் தரவில் உட்காரும். காசு இருந்தால் முன்பு. எப்போது ஏற்றினாலும் ட்ரிஸ் பஃபர் கூடாது, அமோனியா மிச்சமும் கூடாது. இரண்டும் லேபிளைத் தின்றுவிடும்.

பெப்டைடில் மூன்று செரின் இருக்கிறது. எதில் பாஸ்பேட் என்று மென்பொருள் சொல்வதை நம்பலாமா?

நிகழ்தகவைப் பார்த்து. 0.75-க்கு மேல் இருந்தால் முதல் வகுப்பு என்று எடுப்பது வழக்கம். ஆனால் உங்கள் ஆய்வறிக்கை முழுவதும் அந்த ஒரு செரினில் தொங்குகிறது என்றால் அது போதாது, துண்டுகளின் நிறமாலையை நீங்களே கண்ணால் பாருங்கள். சந்தேகமான இரண்டு செரின்களுக்கும் நடுவே வெட்டிய துண்டு இருக்கிறதா என்பதே கேள்வி. மெஷினில் பெப்டைடை உடைக்கும் முறைகளில், சிஐடியில் பாஸ்பேட் 98 டால்டனாகக் கழன்று ஓடி, மற்றத் துண்டுகளை மங்கவைக்கும். ஹெச்சிடி இதில் மேல். ஈடிடி பாஸ்பேட்டைத் தொடாமல் முதுகெலும்பை வெட்டும், ஆனால் மெதுவு.

மருந்து கொடுத்தபின் ஒரு சைட் 2 மடங்கு. பாஸ்போரிலேஷன் கூடியது என்று எழுதலாமா?

செறிவூட்டுவதற்கு முன் அதே பெப்டைடிலிருந்து கொஞ்சம் எடுத்துவைத்து மொத்தப் புரதத்தையும் அளந்தீர்களா? புரதமே 2 மடங்கு ஆகியிருந்தால் பாஸ்பேட் ஏறும் விகிதம் அப்படியேதான் இருக்கிறது. 24 மணி நேர மருந்துப் பரிசோதனையில் இது அடிக்கடி நடக்கும். 5 நிமிடத் தூண்டலில் புரத அளவு மாற நேரமில்லை, அங்கே கவலை குறைவு.

இன்னொன்று: அதே பெப்டைடில் பக்கத்தில் இரண்டாவது பாஸ்பேட் ஏறினால் ஒற்றை வடிவம் குறைந்ததாகத் தெரியும். உண்மையில் பாஸ்போரிலேஷன் கூடியிருக்கிறது. இரண்டு வடிவத்தையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

இதே முறையில் பாஸ்போஹிஸ்டிடினும் பார்க்கலாமா?

முடியாது. அதில் பாஸ்பேட் நைட்ரஜனோடு பிணைந்திருக்கிறது, அமிலம் பட்டால் கழன்றுவிடும். நாம் மேலே செய்ததெல்லாம் பிஎச் 2 பக்கம். சாம்பிள் மணியைத் தொடும் முன்பே அது போயிருக்கும். அதற்கு அமிலத்தைத் தவிர்க்கும் தனி வழிகளும் தனி ஆன்டிபாடிகளும் உண்டு. அந்தச் சாம்பிளை எங்களிடம் கொண்டுவருவதற்கு முன் ஒரு போன் செய்யுங்கள், எல்சியில் ஃபார்மிக் அமிலத்தையும் மாற்ற வேண்டியிருக்கும்.